நள்ளிரவு மோட்டார் சத்தத்துக்கு மருந்து உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேர்வுக் காலத்தில் ஒலிபெருக்கிகளைக் கட்டுப்படுத்தக் கோரி வாசகர்கள் எழுதும் கடிதங்களைத் தங்கள் நாளிதழில் படித்து வருகிறேன். நியாயமான கோரிக்கை. ஆனால் திருவிழா முடிந்தால் ஒலிபெருக்கியைக் கழற்றிவிடுவார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஆண்டு முழுவதும் நடுராத்திரியில் எழுப்பிவிடும் தண்ணீர் மோட்டாரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

கொள்ளிடக் கரையில் குடிநீர் நீரேற்று நிலையத்தில் மோட்டார் இயக்கி ஓய்வு பெற்றவன் நான். இப்போது ஸ்ரீரங்கத்தில், மேல்நிலைத் தொட்டிக்கு நேர் கீழே மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். தொட்டியில் நீர் குறைந்ததும் தானாக ஓடும்படி மோட்டாருக்குக் கருவி பொருத்தியிருக்கிறார்கள். அதற்கு இரவு பகல் தெரியாது. இரண்டு மணிக்கு ஓடத் தொடங்கும். சுவர் முழுக்க உறுமும். நிற்கும்போது ‘டமார்’ என்று ஓர் இடி. எதிர்வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டு அழும். அந்தத் தாய் விடியும்வரை தோளில் போட்டுக்கொண்டு நடப்பாள். முறையிட்டால், “தண்ணீர் வருகிறதே, அதுவே பெரிது சார்” என்கிறார்கள். குடங்களோடு வரிசையில் காத்திருந்த ஊர்களுக்கெல்லாம் தண்ணீர் ஏற்றி அனுப்பியவனுக்கு அதன் அருமை தெரியும். அதே தண்ணீரைச் சத்தமில்லாமலும் ஏற்றலாம் என்றுதான் சொல்கிறேன்.

அந்த இடி எங்கிருந்து வருகிறது? மோட்டார் நின்றதும், மாடிவரை ஏறி நின்ற நீர் கீழ்நோக்கித் திரும்புகிறது. அப்போதுதான், ஏறிய நீரைத் திரும்ப விடாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வின் கதவு அடித்துச் சாத்திக்கொள்கிறது. ஓடும் நீர் ஒரே நொடியில் தடைபட்டு, அதன் வேகமெல்லாம் அழுத்தமாக மாறிக் குழாயை அறைகிறது. இதைத்தான் வாட்டர் ஹேமர் என்கிறோம். இரும்புக் குழாயில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் நீரைத் திடீரென நிறுத்தினால், 100 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீர் அடியில் தரும் அழுத்தத்துக்கும் மேலான அழுத்தம் ஒரு கணம் எழும். பிவிசி குழாயில் அதில் பாதிக்கும் குறைவு. ஆனாலும் இணைப்புகள் விரிசல் விட அது போதும். ஆகவே இது தூக்கம் கெடுகிற விஷயம் மட்டுமன்று. சுவருக்குள் கசிவு தொடங்குவதும் இப்படித்தான்.

நீரேற்று நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே இதைச் சொல்லித்தருவார்கள்: நீர் வெளியேறும் குழாயில் உள்ள டெலிவரி வால்வை மெதுவாக மூடிய பிறகே மோட்டாரை நிறுத்த வேண்டும். மின்சாரம் திடீரெனப் போனால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளக் காற்றுக் கலன் இருக்கும். வீட்டுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. கதவு வகை வால்வைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங் வைத்த வால்வைப் பொருத்தினாலே போதும். நீர் திரும்புவதற்கு முன்பே அது மூடிக்கொள்ளும். ஒரு பிளம்பருக்கு அரைநாள் வேலை.

உறுமலுக்குக் காரணம் வேறு. மோட்டாரைத் தரையோடு நேராக போல்ட் போட்டு முடுக்கிவிடுகிறார்கள். குழாயை வெறும் இரும்புக் கிளாம்பால் சுவரோடு இறுக்குகிறார்கள். அதிர்வு முழுவதும் கட்டடத்துக்குள் போகிறது. மோட்டாருக்கு அடியில் தடித்த ரப்பர் கட்டை, குழாய் தொடங்கும் இடத்தில் ஒரு முழ வளையும் குழாய், கிளாம்புக்குள் ரப்பர் பட்டை ஆகியவற்றை வைத்தால் பெருமளவு அடங்கும். திடீரென இரைச்சல் கூடியிருந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம். உறிஞ்சு குழாயின் அடி நுனியில் இருக்கும் புட் வால்வு பழுதாகிக் காற்று இழுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தொட்டிக்குள் தண்ணீர் உயரத்திலிருந்து கொட்டுவதால் அலை எழும்பி, மிதவை வால்வு திறந்து திறந்து மூடித் தடதடக்கும். உள்ளே ஒரு குழாயைச் சேர்த்து நீர்மட்டத்துக்குக் கீழே விடுங்கள். நீர்மட்டத்துக்கு மேலே அந்தக் குழாயில் ஒரு சிறு துளை கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் தொட்டி நீர் பின்னோக்கி உறிஞ்சப்படும். மாநகராட்சி இணைப்பு நேரடியாக வரும் தொட்டியில் இந்த வேலையே கூடாது. தெருக்குழாயில் அழுத்தம் குறையும்போது நம் தொட்டி நீர் ஊர்க் குடிநீரில் கலந்துவிடும்.

இவற்றையெல்லாம்விட எளிய வழி ஒன்று உண்டு. மத்திய அரசின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதிக்கு அந்நேர வரம்பு 45 டெசிபல். நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுவோம். வீட்டுக்கு நான்கு பேர் வீதம் எட்டு வீடுகளுக்கு 4,320 லிட்டர். ஐயாயிரம் லிட்டர் தொட்டியைப் பத்து மணிக்கு முன் நிரப்பிவிட்டால், விடியும்வரை மோட்டாரைத் தொட வேண்டிய தேவை என்ன? தானியங்கிக் கருவியோடு ஒரு டைமரைச் சேர்த்தால் முடிந்தது. “தொட்டி நிரம்பிவிட்டது” என்று ஊருக்கே அறிவிக்கும் அலாரத்துக்கும் இரவில் ஓய்வு கிடைக்கும்.

குடியிருப்புச் சங்கங்கள் அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ள வேண்டும். பராமரிப்புக் கட்டணத்தில் வண்ணம் பூசவும் கேமரா வைக்கவும் பணம் இருக்கும்போது ஒரு வால்வுக்கு இல்லை என்பது ஏற்கக்கூடியதன்று. புதிய கட்டடங்களுக்கு அரசுதான் வழி செய்ய வேண்டும். பணி நிறைவுச் சான்று தர வரும் அலுவலர்கள், படுக்கையறையில் நின்றபடி மோட்டாரை ஒருமுறை ஓடவிட்டு நிறுத்தச் சொல்லிக் கேட்கட்டும். இடி கேட்டால், அதைச் சரிசெய்த பிறகே சான்று தரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீரேற்று நிலைய ஊழியர்,
ஸ்ரீரங்கம், திருச்சி.