பழைய டெலிபோன் பாயிண்டுகளை வெட்டிப் பூசிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வீட்டைப் புதுப்பிப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாடி நீர்க்கசிவு, தரை ஓடு மாற்றுவது பற்றியெல்லாம் பயனுள்ளதாக எழுதியிருந்தார்கள். ஆனால், பயன்படாத டெலிபோன் பாயிண்டுகளின் வயரை வெட்டிவிட்டுப் பெட்டியைச் சிமெண்ட் வைத்துப் பூசிவிடலாம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன இடம் மனதை உறுத்துகிறது. நான் தொலைபேசித் துறையில் லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அப்படிப் பூசி மூடிய சுவர்களால் அவதிப்பட்ட வீடுகளை நேரில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் வீடு கட்டியவர்கள் ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, மாடியில் ஒன்று என்று பாயிண்ட் வைத்தார்கள். இணைப்புக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. கிடைத்த லைனை எல்லா அறைக்கும் கொண்டுபோக நினைத்ததில் தப்பே இல்லை. பேசுவதற்கு அந்த வயரிங் தாராளமாகப் போதும். 2005-ல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்து, அதே செம்புக் கம்பியில் இன்டர்நெட்டும் ஓட ஆரம்பித்தபோதுதான் இந்த உபரி பாயிண்டுகள் தொல்லையாக மாறின.

காரணம் இதுதான். நம் பேச்சுக்கு லைனில் தேவைப்படுவது 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை. செம்புக் கம்பியில் இன்டர்நெட் தரும் ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் என்ற பிராட்பேண்ட் இணைப்போ 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. அவ்வளவு வேகமான அலை, முனையில் எதுவும் மாட்டாத கிளை வயருக்குள் நுழைந்தால், கிணற்றுக்குள் கூப்பிட்ட குரல்போலத் திரும்பி வந்து மெயின் லைனில் வரும் அலையோடு மோதும். கிளை வயர் 20, 25 மீட்டர் நீளம் இருந்தால் இந்த அலைவரிசையின் மேல்பகுதியே அடிபட்டுப் போகும். மாடிக்குப் போய்ச் சுற்றி வரும் வயர் அந்த நீளம் எளிதாக வந்துவிடும். மோடத்தில் வேகம் குறையும், இணைப்பு விட்டுவிட்டு வரும். வீட்டுக்காரர் எக்ஸ்சேஞ்சைத் திட்டிக்கொண்டிருப்பார்.

அறையில் இருக்கும் பெட்டியைக் கழற்றி, அங்கே வயரை வெட்டிவிட்டால் இந்தத் தொல்லை தீராது. சுவருக்குள் போகும் வயரின் மறுமுனை இன்னும் மெயின் லைனோடு சேர்ந்தேதான் இருக்கிறது. கிளை அப்படியே உயிரோடு இருக்கிறது, கண்ணுக்குத் தெரியும் பெட்டி மட்டும்தான் போயிருக்கிறது. அதற்கு மேல் ஈரச் சிமெண்டைப் பூசினால் இன்னொரு ஆபத்தும் சேரும். வெட்டிய இரண்டு கம்பிகளின் நுனியும் ஈரத்தில் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டால், யாரோ ரிசீவரைப் போனிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டதாகவே எக்ஸ்சேஞ்ச் எடுத்துக்கொள்ளும். வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு எங்கேஜ்டு சத்தம்தான் கேட்கும். வெயில் காலத்தில் ஒழுங்காக இருக்கும் லைன் ஐப்பசி மழையில் கரகரக்கும், கார்த்திகையில் செத்துப்போகும், தை பிறந்ததும் தானாக உயிர் பெறும். தூத்துக்குடியில் ஒரு வீட்டில் இப்படித்தான் மழைக்கு மழை புகார். கம்பம்வரை லைன் சுத்தம், வீட்டு வாசல்வரை சுத்தம். லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் உள்ள ரோசட் என்ற இணைப்புப் பெட்டியைத் திறந்து, மாடிக்குப் போகும் கம்பி ஜோடியைப் பிரித்து வைத்த பிறகுதான் சத்தம் நின்றது. மாடியில் பாயிண்டே இல்லையே என்றார்கள் வீட்டில் இருந்தவர்கள். வர்ணம் பூசும்போது மூடியது.

ஆகவே வேலையைப் பாயிண்டில் தொடங்காதீர்கள், லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் தொடங்குங்கள். கம்பத்திலிருந்து வரும் டிராப் வயர் முடிகிற அந்தச் சின்ன ரோசட் பெட்டியில்தான் உள்ளே போகும் எல்லா வயர்களும் சேரும். முதலில் வெளியிலிருந்து வரும் ஜோடியைக் கழற்றித் தனியே வையுங்கள். லைனில் சாதாரணமாக இருப்பது 48 வோல்ட் டி.சி. அது பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் மணி அடிக்கும்போது 75 வோல்ட் அளவுக்கு ஏ.சி. வரும், ஈரக்கையோடு ஏணி மேல் நிற்பவரைத் தூக்கிப்போட அது போதும். இடி மின்னல் நேரத்தில் இந்த வேலையே வேண்டாம்.

அப்புறம் உள்ளே போகும் ஒவ்வொரு ஜோடியும் எந்த அறைக்குப் போகிறது என்று மல்டிமீட்டரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சில வீடுகளில் எல்லா அறைக்கும் ரோசட்டிலிருந்தே தனித்தனி வயர் போகும். அப்படியென்றால் வேண்டாத ஜோடியை அங்கேயே கழற்றினால் முடிந்தது. பல வீடுகளில் ஹாலிலிருந்து படுக்கையறை, அங்கிருந்து மாடி என்று தொடராகப் போயிருக்கும். அங்கே நடுவில் இருக்கும் பாயிண்டை எடுத்தால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் செத்துவிடும். கடைசிப் பாயிண்டிலிருந்து பின்னோக்கி வாருங்கள். நடுவில் ஒன்றை மட்டும்தான் எடுக்க வேண்டும் என்றால் வருகிற வயரையும் போகிற வயரையும், ஈரம் புகாதபடி உள்ளே ஜெல் நிரப்பிய ஜெல்லி கனெக்டர் போட்டு அழுத்தி இணையுங்கள். முறுக்கி டேப் சுற்றுவது கூடவே கூடாது. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று டேப்புக்குள் புகுந்து செம்பைப் பச்சையாக்கிவிடும்.

மிச்சம் வைக்கும் லைனைத் தயங்காமல் புதிதாகவே இழுத்துவிடுங்கள். முறுக்கு இல்லாத பழைய தட்டை வயர் பக்கத்து மின்வயரின் இரைச்சலையெல்லாம் வாங்கிக்கொள்ளும். ரோசட்டிலிருந்து மோடம் இருக்கும் இடம்வரை நான்கு முறுக்கு ஜோடிகள் உள்ள கேட் 5 இ வயர் ஒன்றை நேராகக் கொண்டுபோங்கள். அதில் ஒரு ஜோடி போதும், மற்ற மூன்றும் பிற்காலத்துக்கு இருக்கட்டும். பேச்சையும் இன்டர்நெட்டையும் பிரித்துக் கொடுக்கும் ஸ்பிளிட்டரை லைன் நுழையும் இடத்திலேயே வைத்தால், டெலிபோன் பாயிண்டுகள் எல்லாம் அதன் போன் முனைக்குப் பின்னால் போய்விடும். அவற்றால் இன்டர்நெட்டுக்குத் தொந்தரவு வராது. இரண்டு மூன்று பாயிண்ட் கட்டாயம் வேண்டும் என்கிற வீட்டுக்கும் இது நல்ல வழி.

எலக்ட்ரீஷியன் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். இடம் மிச்சம் என்று டெலிபோன் வயரையும் 230 வோல்ட் வயரையும் ஒரே பைப்பில் விடுவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். ஓரிடத்தில் உறை உரிந்தால் ரிசீவரைப் பிடித்திருப்பவரின் கைக்குக் கரண்ட் வரும். இதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இப்போது ஃபைபருக்கு மாறியவர்கள்தான் பழைய வயரை முதலில் வெட்டுகிறார்கள். அவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். தனிப் பைப்பில் தளர்வாக ஓடும் அந்த வயரின் நுனியில் புதிய லேன் வயரைக் கட்டி மறுபக்கம் இழுத்தால், சுவரை உடைக்காமல் மாடிக்கு நெட் போய்விடும். வயரை வெட்டிப் பெட்டியைப் பூசிவிட்டால் அந்தப் பாதை போச்சு. உடனே தேவையில்லை என்றாலும், இரண்டு முனையையும் கழற்றி, நுனிகளைத் தனித்தனியே மூடி, பெட்டிக்கு ஒரு டம்மி பிளேட் போட்டு வையுங்கள்.

ஃபைபர் பெட்டியின் போன் முனையிலிருந்து வீட்டின் பழைய பாயிண்டுகளுக்கு லைன் கொடுக்கவும் முடியும். ஆனால் அதற்கு முன், வெளியிலிருந்து வரும் பழைய செம்பு ஜோடி ரோசட்டில் முழுக்கக் கழற்றப்பட்டிருக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சின் மின்னழுத்தமும் பெட்டியின் மின்னழுத்தமும் ஒரே வயரில் சந்தித்தால் பெட்டி பழுதாகலாம். இன்னொன்று, செம்பு லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கரண்ட் வரும், வீட்டில் மின்சாரம் போனாலும் சாதாரண போன் பேசும். ஃபைபர் பெட்டிக்கு நம் வீட்டுக் கரண்ட்தான். தனியாக இருக்கும் பெரியவர்கள் லேண்ட்லைனையே நம்பியிருக்கிறார்கள் என்றால், அந்தப் பெட்டியை இன்வெர்ட்டரிலோ சிறிய யு.பி.எஸ்.ஸிலோ மாட்டிக் கொடுத்த பிறகே செம்பு லைனை விடுங்கள்.

கம்பத்திலிருந்து வாசல்வரை தொங்கும் டிராப் வயர் நிறுவனத்தின் சொத்து. அதை நீங்களாக அறுக்காமல் எழுத்து மூலம் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். இணைப்பையே திரும்பக் கொடுப்பதாக இருந்தால், ஆரம்பத்தில் கட்டிய வைப்புத்தொகையையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

அந்த ஒரு வரியை அடுத்த இதழில் திருத்தி வெளியிட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியர்,
தூத்துக்குடி.