தன்மயத்தில் 'தன்' இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் சொல் விளக்கப் பகுதியில் 'அசிமிலேஷன்' என்பதற்குத் தன்மயமாதல் என்று தமிழ் கொடுத்து, அதைத் தன் + மயம், அதாவது பிறவற்றைத் தன்னைப்போல ஆக்கிக்கொள்வது என்று பிரித்துக் காட்டியிருந்தீர்கள். அந்தப் பிரிப்புதான் இடிக்கிறது. அது வடசொல், தத் + மயம். தத் என்றால் 'அது'. அதுவாகவே ஆகிவிடுவதுதான் தன்மயம். கச்சேரி விமர்சனத்தில் 'தோடியில் தன்மயமாகிவிட்டார்' என்று எழுதுகிறோமே, அங்கே பாடகர் ராகத்தை விழுங்கவில்லை, ராகம்தான் அவரை விழுங்கிவிட்டது.

போன வாரம் பேத்தி 'உட்கொள்ளுதல், செரித்தல், உறிஞ்சுதல், தன்மயமாதல்' என்று கூடத்தில் நடந்துகொண்டே ஒப்பித்தவள் சட்டென்று நின்று, "தாத்தா, இட்லி நாமாகுதா, நாம இட்லியாகிறோமா?" என்றாள். நல்ல கேள்வி! இட்லி தன்மயமாகிறது என்றால் சரி, இட்லியை உடல் தன்மயமாக்குகிறது என்றாலும் சரி, நாம் தன்மயமாகிறோம் என்று சொன்னால் மட்டும் நாம்தான் இட்லி. 'தன்' என்று காதில் விழுவதால் இந்த வித்தியாசம் நமக்குப் புலப்படுவதே இல்லை.

அப்புறம், எனக்கு இதில் பிடித்த சங்கதி ஒன்று. ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் இலத்தீன், 'அட்' என்ற முன்னொட்டோடு ஒத்தது என்று பொருள்படும் 'சிமிலிஸ்' சேர்ந்தது (நம் பேச்சில் புழங்கும் 'சமம்' இந்தச் சிமிலிசுக்குத் தூரத்துப் பங்காளி). சேரும்போது 'அட்' தன் டகரத்தைத் தொலைத்துவிட்டுப் பக்கத்துச் சகரத்தைப்போல 'அஸ்' ஆகிவிட்டது. தத் + மயத்திலும் மகரத்தின் மூக்கொலி பட்டு, த் மெல்லினமாகிவிட்டது. ஆக இரண்டு சொற்களும் தாம் குறிக்கிற வேலையைத் தம் உடம்பிலேயே செய்து காட்டுகின்றன. மொழியியலில் இதை ஓரினமாதல் என்பார்கள், பள்ளியில் நாம் படித்த திரிதல் விகாரத்தில் இதுவும் அடங்கும். நல் + நூல் என்பது நன்னூல் ஆனதும், பேச்சில் பன்றி பன்னி ஆனதும் இதே கதைதான்.

குடியேறியவர்களைப் பற்றி எழுதும்போதும் இதே சொல்லைப் போட்டிருந்தீர்கள். அங்கேதான் கவனம் வேண்டும். தன்மயமாதல் என்றால் வந்தவர் தாமாகவே அந்த ஊராராகிவிட்டார் என்று ஆகும். பெயரை மாற்று, பள்ளியில் உன் மொழியைப் பேசாதே என்று அரசு நெருக்கினால் அது தன்மயமாக்கல். ஓர் எழுத்துதான் கூடுதல், அடுத்த முறை அதை விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்