நம் ரேடியோ கார் மன்றத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, கும்பகோணம், நாச்சியார்கோவில், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கங்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, பெற்றோர்களே, வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நிர்வாகக் குழுவில் மாற்றமில்லை. ஆகவே இந்த அறிக்கையின் பெரும்பகுதியை எஞ்சின் பட்டறை வகுப்புகளுக்கே எடுத்துக்கொள்கிறேன். இந்த ஆண்டு மன்றம் செய்த உருப்படியான வேலை அதுதான்.

சென்ற பொதுக்குழுவில் இளைஞர்கள் கேட்டது ஒன்றே: எஞ்சினில் இன்னும் பவர் வேண்டும். நாம் ரேடியோ ரிமோட்டால் ஓட்டும் சிறு கார்களில் இருப்பவை பெரும்பாலும் 2.1 சிசி, 3.5 சிசி டூ ஸ்ட்ரோக் நைட்ரோ எஞ்சின்கள், அதாவது மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருளில் ஓடுபவை. உள்ளங்கைக்குள் அடங்கினாலும் நிமிடத்துக்கு 30,000 சுற்றைத் தாண்டுபவை. கிரைண்டரை எடுத்து எக்ஸாஸ்ட் போர்ட்டை, அதாவது புகை வெளியேறும் துளையின் மேல் விளிம்பை, மேலே தூக்கிவிட்டால் பவர் வந்துவிடும் என்றே பலரும் நினைத்திருந்தார்கள். போர்ட்டை உயர்த்தினால் அது முன்கூட்டியே திறக்கும். உச்சச் சுற்றில் மூச்சு நன்றாக விடும், உண்மைதான். ஆனால் கீழ்ச்சுற்றில் இழுவை போய்விடும். நம் திடலில் வளைவுக்கு வளைவு வேகம் குறைத்து மறுபடி கிளப்ப வேண்டியிருக்கிறது. அங்கே தேவை கீழ்ச்சுற்று இழுவை. மேலும், கிரைண்டர் பட்ட விளிம்பில் குரோம் பூச்சு உரியத் தொடங்கினால் அந்த ஸ்லீவ், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் குழல், அதோடு முடிந்தது.

ஸ்லீவ் பற்றிய வகுப்பை நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறை வைத்திருக்கும் நம் மூத்த உறுப்பினர் நடத்தினார். பித்தளையோடு வாழ்நாளைக் கழித்தவர் அல்லவா, அவர் சொன்னதும் எல்லோருக்கும் விளங்கியது. அலுமினியப் பிஸ்டன், குரோம் பூசிய பித்தளை ஸ்லீவ். ஸ்லீவின் மேல்பகுதி சற்றே குறுகலாகக் கடையப்பட்டிருக்கும். ஓடும்போது மேல்பகுதிதான் அதிகம் சுடும், அதிகம் விரியும். அப்போதுதான் துளை சீராகும். எனவே குளிர்ந்த எஞ்சினில் பிஸ்டன் உச்சியில் இறுகிப் பிடிப்பது குறையல்ல. அந்தப் பிடிமானம்தான் கம்ப்ரஷன். இறுக்கமாக இருக்கிறதே என்று எமரி தாள் போட்டுத் தேய்ப்பவர்கள் பவரையே தேய்த்து எறிகிறார்கள். புது எஞ்சினைப் பழக்கும்போது சூடேற்றிவிட்டே சுற்ற வேண்டும் என்பதும் இதனால்தான்.

அடுத்த வகுப்புகளில் முதலில் கசிவைத் தேடினோம். கார்புரேட்டர் அடியிலுள்ள ஓ ரிங், பின் மூடி இரண்டும் காற்று வாங்கினால் எந்த மாடிஃபிகேஷனும் பலிக்காது. பிறகு கிராங்க் ஷாஃப்ட் வாயிலின் கூர் விளிம்புகளை மட்டும் மழுக்கினோம். அதற்கு மேல் உலோகத்தை எடுத்தால் சமநிலை கெட்டு பேரிங் போகும். அதன் பிறகு டியூன்டு பைப், அதாவது எக்ஸாஸ்ட் போர்ட்டோடு இணையும் புகைக்குழாய். போர்ட்டிலிருந்து வெளியேறும் அழுத்த அலை பைப்பின் குறுகும் பகுதியில் மோதித் திரும்பி வந்து, வெளியே தப்பிய புதுக் கலவையை போர்ட் மூடுவதற்குள் மறுபடி உள்ளே தள்ளுகிறது. நீளத்தைக் குறைத்தால் பவர் மேல்சுற்றுக்கு நகரும். கூட்டினால் கீழே இறங்கும். ஒரு கீறல்கூட இல்லாமல் எஞ்சினின் குணத்தை மாற்றும் வழி இது. என் கருத்தில் இளைஞர்கள் முதலில் கற்க வேண்டியதும் இதுவே.

எரிபொருளில் நைட்ரோமீத்தேன் எத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்பது பற்றி நீண்ட விவாதம் நடந்தது. ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். மெத்தனாலுக்கு சுமார் 6.5, நைட்ரோமீத்தேனுக்கு 1.7 போதும். அதே காற்றில் அதிக எரிபொருளை எரிக்கலாம் என்பதே அதன் பலம். ஆனால் நைட்ரோவைக் கூட்டினால் ஹெட்டுக்கு அடியில் 0.1 மி.மீ. ஷிம் என்னும் மெல்லிய வளையத்தைச் சேர்க்க வேண்டும், கார்புரேட்டரில் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியைத் திறக்க வேண்டும். இரண்டையும் செய்யாமல் விட்டவர்களின் குளோ பிளக்கில், அதாவது கலவையைப் பற்றவைக்கும் பிளக்கில், கம்பி அறுந்ததை எல்லோரும் பார்த்தோம்.

எரிபொருளைப் பற்றி ஒன்றைக் கண்டிப்போடு சொல்ல வேண்டியிருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொன்றது இதே மெத்தனால்தான். கொஞ்சம் உள்ளே போனாலே கண் பறிபோகும். உரிமம் இல்லாமல் மெத்தனால் வாங்கி வீட்டில் கலப்பதை மன்றம் ஒருபோதும் ஏற்காது. முறையாகக் கலந்து, முத்திரையோடு பில் போட்டு வரும் எரிபொருள் மட்டுமே திடலுக்குள் வரலாம். தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவருவோர் அன்று ஓட்ட முடியாது. பெற்றோர்கள் இதில் துணை நிற்க வேண்டும்.

2024இல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் திறக்கவில்லை, ஜூலை 28இல்தான் திறந்தது. குறுவைக்குக் காத்திருந்த நம் உறுப்பினர் குடும்பங்களுக்கு அது வலி மிகுந்த காலம். திடலில் புழுதியும் நீண்டது. காற்று ஃபில்டர் ஸ்பாஞ்சை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் கழுவி எண்ணெய் தடவியவர்களின் பிஸ்டன்கள் தப்பின. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மீந்த எரிபொருள் நீரை உறிஞ்சி பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கிறது; ஓட்டி முடித்ததும் டேங்கை வடித்து, ஆஃப்டர் ரன் எண்ணெய், அதாவது ஓட்டத்துக்குப் பின் துரு தடுக்க விடும் எண்ணெய், விட்டு வையுங்கள். மார்கழிக் காலையில் காற்று அடர்த்தி. ஊசியைச் சற்றுத் திறக்க வேண்டும். வெயில் ஏறியதும் மறுபடி பாருங்கள்.

வரும் ஆண்டுக்கு இரண்டு முன்மொழிவுகள். போட்டியில் கம்பெனி நிலை எஞ்சின், மாற்றிய எஞ்சின் என இரு பிரிவு வைப்பது. பள்ளித் தேர்வு நாட்களிலும், பக்கத்துத் தெருவில் துக்கம் நடந்தாலும் எஞ்சினைக் கிளப்புவதில்லை என்பதை விதியாகவே எழுதுவது. இவற்றையும் இந்த அறிக்கையையும் விவாதித்து ஏற்குமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்