சனிக்கிழமை போர்டு கேம்: வர்றவங்க பேர் போடுங்க

மக்களே, வணக்கம். ஒருவழியா நாள் குறிச்சாச்சு: வர்ற சனிக்கிழமை சாயங்காலம் 6 மணி, எங்க வீட்டுல.

1. வியாழன் ராத்திரிக்குள்ள பேர் போடுங்க. வெறும் கட்டைவிரல் கணக்குல வராது. என்கிட்ட இருக்கற 'கேட்டான்' (Catan) போர்டு கேம்ல 4 பேர்தான் ஆடலாம். அஞ்சாவது ஆள் வந்தா இன்னொரு மேசை போடணும்.

2. இங்கிலீஷ் ஸ்கிராபிள் இருக்கவங்க எடுத்துட்டு வாங்க. என் பெட்டியில 100 எழுத்து வில்லைக்கு 97தான் தேறுது. இருந்த ஒரே Q வில்லையும் காணோம்!

3. மோனோபாலி உண்டு, ஆனா விதிப்படி. நின்ன இடத்தை வாங்கலைன்னா உடனே ஏலம். போன தடவை அதை விட்டுட்டுதான் விடிய விடிய இழுத்தோம், ரெண்டு பேர் முகம் திருப்பிக்கிட்டதுதான் மிச்சம்.

4. 6:30க்கு ஆட்டம் ஆரம்பம். லேட்டா வர்றவங்க ஸ்கோர் எழுதணும்.

வரமுடியாதவங்களும் ஒரு வார்த்தை சொல்லிடுங்கப்பா.