தூக்கம் வருகிறதா என்று கேட்டவர்களுக்கு

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத் தலைநகரில், பாலியல் தொழில் செய்யும் பெண்களும் முன்பு செய்து இப்போது விட்டவர்களும் சேர்ந்து நடத்தும் சங்கத்தின் செயலாளராக இம்மடலை எழுதுகிறேன். ஊரின் பெயரை எழுதவில்லை. எழுதினால் சங்கத்தை அடையாளம் கண்டுவிடுவார்கள், சங்கத்தைக் கண்டால் அதன் படியேறும் பெண்களின் முகத்தையும் கண்டுவிடுவார்கள். மும்பையிலும் கொல்கத்தாவிலும் இருப்பதுபோல் எங்களுக்கென்று தனித் தெரு இங்கே கிடையாது. பேருந்து நிலையத்தில் பூ விற்பவராகவும், மில் வேலைக்குப் போகிறவராகவும், நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவராகவும் அக்கம்பக்கத்தார் அறிந்த பெண்ணே, வீட்டில் எவருக்கும் தெரியாமல் இந்தத் தொழிலையும் செய்கிறாள். ஆகவே உங்கள் பெயர்களையும் எழுத முடியவில்லை. யாரைச் சொல்கிறேன் என்பது படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

1986ஆம் ஆண்டு, சென்னையில் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த எங்கள் மூத்த சகோதரிகளின் இரத்தத்தில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவியான டாக்டர் நிர்மலாவும் செய்த அந்தப் பணியால் பிழைத்த உயிர்கள் ஏராளம். அதை நன்றியோடுதான் நினைக்கிறோம். ஆனால் அன்று தொடங்கி எங்களைத் தேடி வந்தவர்கள் பெரும்பாலும் எங்கள் இரத்தத்தைத் தேடியே வந்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பால்வினை நோய்க்கான பரிசோதனை, மாதம் எத்தனை ஆணுறை தேவைப்படும் என்ற கணக்கு என்று எல்லாம் முறையாக நடந்தது. சக பெண்களுக்கு நலம் பற்றி எடுத்துச் சொல்லும் தோழமைக் கல்வியாளராக நானே 60 பெண்களின் கணக்கை ஏட்டில் எழுதி வந்திருக்கிறேன். இரவில் தூங்கினாயா என்று எழுதுவதற்கு நான் வைத்திருந்த ஏட்டில் கட்டம் இல்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை.

மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்து வந்த செவிலியர் அக்கா, அதை முதலில் கேட்டவர் நீங்கள். ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவதற்காக வந்த நீங்கள், கொண்டுவந்த படங்களைச் சுருட்டி வைத்துவிட்டு, பாயில் எங்களோடு உட்கார்ந்து, தூக்கம் வருகிறதா என்று மட்டும் கேட்டீர்கள். வெகுநேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு எங்களில் மூத்த ஒருவர், அறைக்குள் தன் உடம்பு மட்டும்தான் இருக்கும் என்றும், தான் வெளியே வாசலில் செருப்போடு செருப்பாக நின்றுகொண்டிருப்பதாகவும், இப்போதெல்லாம் பேத்திக்குச் சோறு ஊட்டும்போதும் அப்படியே வாசலில் நின்றுவிடுவதாகவும் சொன்னார். இருபது ஆண்டுகளாக அவரோடு பழகிய எனக்கு அது அன்றுதான் தெரியும். பொறுக்க முடியாததைப் பொறுப்பதற்காக மனம் தானே கண்டுபிடித்துக்கொண்ட வழி அது என்றும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றும், வீட்டுக்குள்ளும் அது கூடவே வரத் தொடங்கும்போது மருத்துவ உதவி தேவை என்றும் நீங்கள் சொன்னீர்கள். தொழிலை விட்டுவிடு என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் அடுத்த வாரம் பாதிப்பேர் வந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் துயரம் முழுவதற்கும் தொழிலே காரணம் என்று முடிவுகட்டுவோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. வட்டிக்காரன் வாசலில் நிற்பதும், மகளின் பள்ளியில் தெரிந்த முகம் எதிர்ப்பட்டுவிடுமோ என்ற பயமும், காவல்துறையினர் சோதனை என்ற பெயரில் பிடித்துப் போய்த் தலைகுனிய வைத்துப் படம் எடுப்பதும், துணை என்று நம்பியவன் பணத்தைப் பிடுங்கிக்கொண்டு அடிப்பதும் சேர்ந்தே தூக்கத்தைத் தின்கின்றன. அவை ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க நீங்கள் கற்றுக்கொடுத்த பிறகே, எதற்கு மாத்திரை, எதற்கு வழக்கறிஞர், எதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் என்று எங்களால் சொல்ல முடிந்தது.

மனநல மருத்துவர் ஐயாவுக்கு எங்கள் நன்றி. வேறோர் இடத்தில், வரிசையில் நின்றிருந்த எங்கள் தோழியின் தொழிலை ஊழியர் ஒருவர் எல்லோர் காதிலும் விழும்படி உரக்கச் சொன்னதால், அவர் இரண்டு ஆண்டுகள் எந்த மருத்துவமனைப் படியும் ஏறவில்லை. நீங்கள் புறநோயாளிச் சீட்டில் நோயை மட்டும் எழுதினீர்கள். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும் என்று முதல் நாளே விளக்கியதால், பயனில்லை என்று நான்காம் நாளில் தூக்கி எறியும் பழக்கம் எங்களிடம் நின்றது. குடிக்காமல் தொழிலுக்குப் போக முடியாது என்ற நிலையில் இருந்த தங்கை ஒருத்தி வைராக்கியத்தோடு ஒரே நாளில் நிறுத்தப் போனபோது, நெடுநாள் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம் என்று தடுத்து, உள்நோயாளியாகச் சேர்த்துப் படிப்படியாக மீட்டெடுத்தீர்கள். அவளுடைய அம்மாவும் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

வழக்கறிஞர் சகோதரி, எங்களில் ஒருத்தி உயிரை விடத் துணிந்து பிழைத்து வந்த அந்த வாரத்தில், அவள் மீது வழக்குப் பதிவதாகப் பேச்சு எழுந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு நீங்களே போனீர்கள். அந்தச் சட்டத்தின் 115ஆம் பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ள வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்க வேண்டியது அரசின் கடமை என்பதை அமைதியாகப் படித்துக் காட்டினீர்கள். உச்ச நீதிமன்றம் 2022 மே 19 அன்று பிறப்பித்த உத்தரவையும் எங்களுக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னவர் நீங்கள்தான். 18 வயது நிரம்பிய பெண் தன் விருப்பத்தின் பேரில் இத்தொழிலில் இருந்தால் காவல்துறை குறுக்கிடக் கூடாது, அவளை மரியாதையுடன் நடத்த வேண்டும், தொழிலைக் காரணம் காட்டித் தாயிடமிருந்து குழந்தையைப் பிரிக்கக் கூடாது, ஊடகங்கள் அவள் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று, நீதிமன்றம் அமைத்த குழு செய்து அந்த உத்தரவில் இடம்பெற்ற பரிந்துரைகளை நீங்கள் படித்தபோது, குழந்தையைப் பற்றிய வரியை மட்டும் மூன்று முறை படிக்கச் சொன்னோம். எங்களில் பலர் அன்று இரவு தூங்கியதற்கு மாத்திரை காரணமில்லை.

2020ஆம் ஆண்டு ஊரடங்கில் ஒரே நாளில் வருமானம் நின்றுபோனது. அடையாளச் சான்று கேட்காமல் எங்களுக்கு உலர் உணவுப் பொருள் வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் சொல்வதற்கு முன்பே, அரிசியையும் பருப்பையும் தன் ஆட்டோவில் ஏற்றி, எவர் வீட்டுக்கு என்று ஒருவரிடமும் சொல்லாமல் இறக்கிவிட்டுப் போன தம்பிக்கும், மேல்மாடி அறையைக் குறைந்த வாடகைக்குத் தந்து, அங்கே தையல் வகுப்பு நடக்கிறது என்று அண்டை வீட்டாரிடம் சொன்னதோடு அது பொய்யாகிவிடக் கூடாது என்று தையல் எந்திரம் ஒன்றையும் வாங்கிப் போட்ட ஓய்வுபெற்ற ஆசிரியர் அம்மாவுக்கும் எங்கள் வணக்கம்.

ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு எங்கள் தோழி ஒருவர் நோயில் இறந்துபோனார். அவர் வீட்டாருக்கு எங்களைத் தெரியாது, தெரியவும் கூடாது. முப்பது ஆண்டுகள் ஒரே தட்டில் சாப்பிட்ட நாங்கள், அவரிடம் பூ வாங்கிப் பழகியவர்கள் என்று சொல்லிக்கொண்டு தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம். சாவு வீட்டில் மார்பில் அடித்து அழுவதற்கும், ஒப்பாரி சொல்வதற்கும், மாலை போடுவதற்கும் உறவு வேண்டும். எங்களுக்கு அந்த உறவு இருந்தது, சொல்லிக்கொள்ள வழி இல்லை. அடுத்த சில வாரங்களில் நான்கு பேர் சாப்பாட்டை விட்டார்கள், ஒருத்தி மறுபடியும் குடிக்கத் தொடங்கினாள். செவிலியர் அக்கா, அதைக் கேட்ட நீங்கள் மாத்திரையைப் பற்றிப் பேசவே இல்லை. மேல்மாடி அறையில் அவருடைய படத்தை வைத்து விளக்கேற்றச் சொன்னீர்கள். ஆசிரியர் அம்மா கீழே வானொலியைச் சத்தமாக வைத்தார்கள். மூத்தவர் ஒப்பாரி எடுக்க, நாங்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு மாலை வரை அழுதோம். எங்கள் சங்கம் எங்களுக்குச் சொந்தமாகத் தோன்றியது அன்றைக்குத்தான்.

அந்த அழுகைக்குப் பிறகு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். இரவில் மனம் கலங்குகிறவர் யாரை அழைக்க வேண்டும் என்று முறை வைத்திருக்கிறோம். அழைத்தால் எடுத்தே ஆக வேண்டும். எங்களிடம் சொல்ல முடியாதவற்றுக்கு அரசின் தொலைபேசி ஆலோசனை எண்களான 104, 14416 ஆகியவை சுவரில் எழுதப்பட்டிருக்கின்றன. முறை வைத்து விழித்திருக்கும் எங்கள் பெண்களுக்கும் இந்த நன்றி சேரும். நன்றி வாங்கிப் பழக்கமில்லாதவர்கள் என்பதால் இதைப் படித்துக் காட்டும்போது எழுந்து போய்விடக்கூடும்.

செவிலியர் அக்கா, உங்களுக்கு வேறு மாவட்டத்துக்கு மாறுதல் வந்ததும் நாங்கள் நிலைகுலைந்துதான் போனோம். புதிதாக வருபவரிடம் எப்படிச் சொல்வது, எதிலிருந்து தொடங்குவது என்று குழம்பியிருந்தோம். போன செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். போட்டிருந்த நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாயில் உட்கார்ந்து, மூத்தவரைப் பார்த்து, பேத்திக்கு இப்போது சோறு ஊட்ட முடிகிறதா என்று கேட்டார். மூத்தவருடைய அனுமதியோடு நீங்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தீர்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

முடிகிறது அக்கா.

நன்றியுடன்,
செயலாளரும் சங்கத்துப் பெண்களும்