மைதானப் பணிக்குப் படிக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

சென்ற வாரம் திருப்பாதிரிப்புலியூரில் பேருந்துக்காக நின்றிருந்தபோது, சமூக விளையாட்டு மற்றும் பொழுதுபோக்குப் பணிக்கான சான்றிதழ்ப் பயிற்சியில் சேர்ந்திருப்பதாகச் சொன்னாய். கபடியும் கேரமும் நடத்தவும், முதியோரை நடைப்பயிற்சிக்கு அழைத்துச் செல்லவும் கற்றுக்கொள்ளத்தான் சேர்ந்தாய் என்றும், உடல்நலம், பாதுகாப்பு, நலவாழ்வு என்று ஒரு தாள் இருப்பதுதான் பாரமாக இருக்கிறது என்றும் சொல்லி, அதைத் தேர்வுக்கு முந்தைய இரவு மனப்பாடம் செய்துவிடலாமா என்று கேட்டாய். அதற்குள் பேருந்து வந்துவிட்டது. உன்னைப் போல இந்த வேலைக்கு வர நினைக்கும் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

அந்தத் தாளை மனப்பாடம் செய்யாதே, தம்பி. விளையாட்டின் விதிகளை நீ எப்போது வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். பிள்ளைகளே உனக்குச் சொல்லித் தருவார்கள். ஆனால் நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தை எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அந்தத் தாள் மட்டுமே சொல்லித் தரும்.

உடற்கல்வி ஆசிரியராக நான் வேலைக்குச் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், ஒரு மே மாதத்தில், முற்பகல் பதினொரு மணிக்கு மாணவர்களை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டேன். கடலூர் வெயிலை நீ அறிவாய். கடற்காற்று வரத் தாமதமாகும் நாட்களில் காற்றில் ஈரம் மட்டும் நிறைந்திருக்கும். வியர்வை வழியுமே தவிர உலராது, உலராத வியர்வையால் உடல் குளிராது. ஐந்தாவது சுற்றில் ஒரு பையன் தடுமாறினான், நான் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ பதில் சொன்னான், பிறகு விழுந்தான். அவன் உடம்பு நனைந்திருந்ததால், வெப்பத் தாக்கு என்றால் தோல் உலர்ந்திருக்கும் என்று எப்போதோ கேட்டிருந்ததை நம்பி, வெறும் மயக்கம் என்று நினைத்துவிட்டேன். முகத்தில் தண்ணீர் தெளித்து, ஆட்டோ தேடி ஓடி, கால்மணி நேரத்தை வீணாக்கினேன். அவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அது என் திறமையால் நடந்ததன்று.

பின்னர் படித்தபோதுதான் தெரிந்தது: கடும் உழைப்பினாலோ ஓட்டத்தினாலோ வரும் வெப்பத் தாக்கில் வியர்வை வழிந்துகொண்டே இருக்கலாம். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டிய நிலையில் பேச்சு குழறுவதும் நடை தள்ளாடுவதும்தான் நாம் கவனிக்க வேண்டிய அடையாளங்கள். அப்போது 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் அங்கேயே குளிர்விக்க வேண்டும். பெரிய தொட்டி இருந்தால் தலை மட்டும் வெளியே இருக்கும்படி குளிர்ந்த நீரில் அமர்த்தித் தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் குடம் குடமாக உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் பனிக்கட்டி வைக்க வேண்டும். நினைவு தெளியாதவர் வாயில் ஒரு சொட்டு நீரும் ஊற்றக் கூடாது. இவ்வளவும் உன் பாடநூலில் ஒரு பத்தியாக இருக்கும். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு விடை என்று அதைக் கடந்துவிடாமல், உன் மைதானத்தில் குழாய் எங்கே இருக்கிறது, பதினொரு மணிக்கு அதில் தண்ணீர் வருமா, பனிக்கட்டி எந்தக் கடையில் கிடைக்கும் என்று அந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே எழுதி வை.

கடல் நமக்கு இரண்டாவது பாடம். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்கு நீ ஒருநாள் பிள்ளைகளை அழைத்துச் செல்வாய். மூழ்குகிறவன் கையை வீசிக் கூவுவான் என்று எதிர்பார்க்காதே. மூச்சுக்கே திணறுகிறவனுக்குக் குரல் எழும்பாது. அதனால் மணலில் கால் வைக்கும் முன்னும், பிறகு சில நிமிடங்களுக்கு ஒருமுறையும் தலை எண்ண வேண்டும். இழுத்துச் செல்லும் நீரோட்டத்தில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப் போவார்; கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் அந்த ஓட்டத்தை விட்டு வெளியே வந்துவிடலாம். நீயும் பின்னாலேயே குதிக்காதே. கயிற்றையோ, மூடி இறுக்கிய காலித் தண்ணீர் கேனையோ வீசு. கரையில் இருக்கும் மீனவர்களைக் கூப்பிடு.

நீரிலிருந்து எடுத்த பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றுவதையும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதையும் நம் ஊர்களில் இன்றும் பார்க்கிறேன். அதைச் செய்பவர்கள் அன்பினால்தான் செய்கிறார்கள் என்பதாலேயே தடுப்பது கடினமாக இருக்கிறது. ஆயினும் தடுக்க வேண்டும். மூழ்கியவருக்கு இல்லாமல் போனது மூச்சு; எனவே முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சைத்தான் கொடுக்க வேண்டும். அதன் பிறகு மார்பின் நடுவில் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, பெரியவர் என்றால் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்திற்கு, 30 அழுத்தத்திற்கு 2 மூச்சு என்ற கணக்கில் தொடர வேண்டும். பயிற்சிப் பொம்மை கிடைக்கும் நாளில், மற்றவர்கள் ஒருமுறை அழுத்திவிட்டு எழுந்துபோனாலும், நீ மண்டியிட்டு இரண்டு நிமிடம் முழுதாகச் செய்து பார். இரண்டே நிமிடத்தில் கை எப்படித் தளர்கிறது என்று தெரிந்தால்தான், மாற்று ஆளை ஏன் பக்கத்தில் நிறுத்தச் சொல்கிறார்கள் என்பது புரியும்.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும் இப்படிப்பட்ட வழக்கமே. இரும்பினால் ஒரு பயனும் இல்லை. தலைக்கு அடியில் துணி வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

பிள்ளைகள் வருவதற்கு முன் மைதானத்தைச் சுற்றி வருவதை உன் பாடத்தில் இடர் ஆய்வு என்று சொல்லியிருப்பார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த பிறகு, இந்தச் சொல்லின் பொருள் எனக்கு முழுதாக விளங்கியது. விழுந்த மரங்களை எல்லோரும் பார்த்தார்கள். விழாமல் பாதி முறிந்து தொங்கிய கிளைகளையும், மண்ணுக்குள் புதைந்த கூரை ஓட்டுத் துண்டுகளையும், ஆணிகளையும் நடந்து பார்த்தவர்கள்தான் கண்டார்கள். புயல் இல்லாத நாளிலும் அதே கண்ணோடு நட. ஆம்புலன்ஸ் நுழையக்கூடிய வாயில் எது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது, ஒருவர் முதலுதவி செய்யும்போது மற்றப் பிள்ளைகளை யார் அப்பால் அழைத்துச் செல்வது என்பதையெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள். இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்து. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை மைதானத்திற்குத் திரும்பாதே. தலையில் அடிபட்டுக் கணநேரம் தடுமாறிய பிள்ளை, "ஒன்றுமில்லை சார்" என்று எத்தனை முறை சொன்னாலும் அன்றைக்கு மீண்டும் களத்தில் இறங்கக் கூடாது. இறுதிப் போட்டி என்றாலும், பெற்றோர் வேலிக்கு வெளியே நின்று சத்தம் போட்டாலும் இதில் மாற்றமில்லை. இந்த வேலையில் எனக்கு மிகக் கடினமாக இருந்தது இதுதான். உனக்கும் அப்படித்தான் இருக்கும்.

நலவாழ்வு என்ற பகுதியை உன் வகுப்பில் பலரும் எளிதாக நினைப்பார்கள். 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஆழிப்பேரலைக்குப் பின் சில மாதங்கள், கடலோரப் பிள்ளைகளோடு மாலையில் விளையாடப் போவேன். வட்டமாக நிற்கச் சொன்னால், கடலுக்கு முதுகு காட்டும் பக்கத்தில் ஒருவரும் நிற்க மாட்டார்கள். வட்டம் எப்போதும் பிறையாகவே இருந்தது. நான் அவர்களை இழுத்து நிறுத்தவில்லை. பிறை வடிவிலேயே ஆட்டங்களை மாற்றி அமைத்தோம். பல வாரங்கள் கழித்து ஒரு சிறுமி தானாக வந்து அந்தப் பக்கம் நின்றாள். பயந்த பிள்ளையின் வேகத்தில் நடப்பதும் நலவாழ்வுப் பணிதான். மனம் உடைந்து பேசும் பெரிய பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் கொடுக்க, அரசின் மனநல உதவி எண் 14416ஐ உன் பலகையில் எழுதி வை.

அதே பலகையில் குழந்தைகள் உதவி எண் 1098ம் இருக்கட்டும். ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை உன்னிடம் சொன்னால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது உன் கடமை. குடும்ப மானம் என்று யார் கெஞ்சினாலும், பிள்ளையிடம் துருவித் துருவிக் கேட்காமல், சொன்னதைச் சொன்னபடியே எழுதித் தகவல் கொடு.

எழுதுவது என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. சிராய்ப்பு உட்பட ஒவ்வொன்றையும் பதிவேட்டில் நாள், நேரம், இடத்தோடு எழுது. எங்கள் பதிவேட்டை ஒருமுறை புரட்டியபோது, ஒரே மாதத்தில் நான்கு பேருக்குக் கணுக்கால் பிசகியது ஒரே மூலையில்தான் என்று தெரிந்தது. போய்ப் பார்த்தால், புல் மூடிய ஒரு பள்ளம். இரண்டு கூடை மண் போதுமாக இருந்தது.

வரும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மஞ்சக்குப்பம் மைதானத்திற்கு வா. பாடநூல் வேண்டாம், ஒரு நோட்டும் பென்சிலும் போதும். பிள்ளைகள் ஏழு மணிக்குத்தான் வருவார்கள். அதற்குள் நாம் இருவரும் ஒரு சுற்று நடந்துவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய பி.டி. வாத்தியார்