பதினாறில் ஓர் இடம்

ராச்செஸ்டர், நியூயார்க்
ஏப்ரல் 2025

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நான் நலம். பெரியம்மாவின் முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை. பாதியில் பெரியம்மா வாங்கி, "சாப்பிட்டியாய்யா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் கடிதம். போன வாரம் நீங்கள் கேட்ட கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது.

ஏப்ரல் பிறந்தும் இங்கே குளிர் விடவில்லை. ஒன்டாரியோ ஏரிக்குப் பக்கத்து ஊர், வருஷத்துக்குச் சராசரியாக 100 அங்குலம் போலப் பனி கொட்டும். வந்த புதிதில் வகுப்பு விட்டால் அறை என்று கிடந்தேன். ரூம்மேட்தான் எங்கள் ஆர்.ஐ.டி. காலேஜ் ஹாக்கி மேட்சுக்கு இழுத்துக்கொண்டு போனான். வெளியே குளிர் என்று உள்ளே நுழைந்தால் அங்கேயும் குளிர்! காசு கொடுத்து ஐஸ்பெட்டிக்குள் உட்காருவது எந்த ஊர் வழக்கமோ என்று நினைத்தேன்.

"ஐஸில் ஆடுவதெல்லாம் ஹாக்கியாடா" என்று கேட்டீர்கள். பந்து கிடையாது. 'பக்' என்று கறுப்பு ரப்பர் வட்டு. 3 அங்குல அகலம், 1 அங்குலத் தடிமன். மேட்சுக்கு முன்னால் அதை உறைய வைத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் ரப்பர் துள்ளும். ஒரு பக்கத்துக்குக் கோல்கீப்பரோடு சேர்த்து 6 பேர்தான். முக்கால் நிமிஷம் பேய் மாதிரி ஓடிவிட்டு அவர்கள் வெளியே வர, அடுத்த கூட்டம் உள்ளே குதிக்கும். நம் ஊரில் தோளால் இடித்தால் அம்பயர் கார்டைத் தூக்குவார். இங்கே கை தட்டுகிறார்கள். முதல் நாள் கண்ணாடித் தடுப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். எதிராளி ஒருவனை நம் பையன் அந்தக் கண்ணாடியில் சாத்திய சாத்தில், கையிலிருந்த காபி முழுக்க என் ஜாக்கெட்டில். கறை இன்னும் போகவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். "நோஞ்சான் லீக்குக்கு எதுக்குடா நேஷனல்ஸில் ஓசி இடம்? திறமை இருந்தா தானா வருவான்" என்றீர்கள்.

இங்கே முதல் டிவிஷனில் அறுபதுக்கும் மேல் காலேஜ் அணிகள். பெரும்பாலானவை 6 லீக்குகளாகப் பிரிந்து ஆடுகின்றன. தேசியப் போட்டிக்கு 16 அணிகள். ஒவ்வொரு லீக்கின் கோப்பையையும் வெல்பவனுக்கு ஓர் இடம் நிச்சயம். மிச்சம் 10 இடம் தரவரிசைக் கணக்குப்படி. அந்தக் கணக்கில் ஜெயித்தது மட்டும் போதாது, யாரை ஜெயித்தாய் என்பதற்கும் மதிப்பு. இந்த வருஷம் ஹாக்கி ஈஸ்ட் என்ற ஒரே லீக்கிலிருந்து 6 அணிகள். எங்கள் அட்லாண்டிக் லீக்கிலிருந்து ஒன்றே ஒன்று: பென்ட்லி என்ற சின்னக் காலேஜ். அவர்களுக்கு இதுதான் முதல் தடவை. முதல் ஆட்டமே நாட்டின் முதலிட அணியான பாஸ்டன் காலேஜோடு. 3-1 என்று தோற்றார்கள். ஆனால் சும்மா விடவில்லை, கடைசி வரை இழுத்துப் பிடித்தார்கள்.

லேபில் என் பக்கத்து மேஜைக்காரர் மிச்சிகனில் படித்தவர். மிச்சிகன் 9 தடவை தேசியப் பட்டம் வாங்கிய அணி, இந்த வருஷம் உள்ளேயே வரவில்லை. "பென்ட்லி ஆடுகிறான், நாங்கள் டிவி பார்க்கிறோம்" என்று ஒரு வாரம் புலம்பித் தீர்த்தார். அவர் வருத்தத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் பெரியப்பா, சின்ன வயதில் திண்ணையில் உட்கார்ந்து நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "பெரிய டீம்காரன் நம்ம கிரவுண்டுக்கு வரவே மாட்டான். நம்மகூட ஆடவும் மாட்டான். அப்புறம் லிஸ்ட் போடும்போது மட்டும், 'இவங்க யாரை ஜெயிச்சாங்க'ன்னு கேப்பான்." அச்சு அசலாக இங்கேயும் அதே கதை. பெரிய காலேஜ்கள் சின்ன அரங்கத்துக்கு வருவது அபூர்வம். இவர்கள்தான் பஸ் ஏறிப் போய் அங்கே ஆட வேண்டும். மிச்ச நாளெல்லாம் தங்களுக்குள்ளேயே மோத வேண்டும். அதில் எத்தனை ஜெயித்தாலும் கணக்கு ஏறாது. எங்கள் லீக் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தரவரிசையால் மட்டும் உள்ளே போனது 2013-இல் நயாகரா ஒன்றுதான்.

உள்ளே போனவர்கள் சும்மா திரும்பினார்களா? 2006-இல் ஹோலி கிராஸ், ஹாக்கிக்குப் பேர்போன மினசோட்டாவைக் கூடுதல் நேரத்தில் 4-3 என்று சாய்த்தது. 2009-இல் பெமிஜி ஸ்டேட், மிசிசிப்பி ஊற்றெடுக்கும் பக்கத்துச் சின்ன ஊர். அவர்கள் லீக்கில் மொத்தமே 4 அணிகள். பதினாறில் பதினாறாவதாக உள்ளே போய், நோட்டர்டேமையும் கார்னெலையும் அடித்து அரையிறுதிக்குப் போனார்கள். அடுத்த வருஷம் அந்த லீக்கையே இழுத்து மூடிவிட்டார்கள் என்பது வேறு கதை. அதே 2010-இல் எங்கள் காலேஜ் டென்வரையும் நியூ ஹாம்ப்ஷயரையும் ஜெயித்து அரையிறுதி ஏறியது. விஸ்கான்சினிடம் 8-1 என்று செம அடி. அதையும் இங்கே பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறார்கள்!

போன வருஷம் மார்ச்சில் லீக் இறுதி ஆட்டம் எங்கள் அரங்கத்திலேயே நடந்தது. தோற்றால் வீடு என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சுற்றிலும் ஆரஞ்சுச் சட்டை, நிற்க இடமில்லை. கடைசி மணி அடித்ததும் கையுறை, ஹெல்மெட் எல்லாம் ஐஸ் மேல் பறக்கின்றன. முன்பின் தெரியாத ஒரு தாத்தா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அஞ்சு நாளில் சவுத் டகோட்டா போய் பாஸ்டன் யூனிவர்சிட்டியிடம் 6-3 என்று தோற்றோம். அது கிடக்கட்டும்.

அந்த லீக் இறுதி ஆட்டத்தில் எங்களுக்கு எதிரே ஆடியது அமெரிக்கன் இன்டர்நேஷனல் காலேஜ். 2019-இல் நாட்டின் முதலிட செயின்ட் கிளவுடை வீழ்த்திய அணி அதுதான். இந்த சீசனோடு முதல் டிவிஷனை விட்டே கீழே இறங்கிக்கொள்கிறார்கள். அன்று அந்தப் பையன்கள் ஐஸைப் பார்த்தபடியே வரிசையில் நின்று கை கொடுத்தார்கள். அவர்களுக்கு அந்த ஒரு இடம்தான் வாசல். அதையும் அடைத்துவிட்டால் அக்டோபரிலிருந்து மார்ச் வரை எதற்காக ஆடுவது, சொல்லுங்கள்.

ஜூனில் ஊருக்கு வருகிற நண்பனிடம் ஒரு பக் கொடுத்தனுப்புகிறேன். காலையில் பயிற்சிக்கு வரும் பையன்களிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், முட்டியில் பட்டால் ஆஸ்பத்திரிதான். பெரியம்மா ஊறுகாய் ஜாடித் தட்டின் மேல் பாரமாக வைத்துக்கொள்ளட்டும்.

உங்கள்
சின்னவன்